அதட்டல்

“வந்துட்டியா?” என்ற வரியை அவள் அதட்டித்தான் வாசித்தாள்.

கதையில் வரும் கிழவரின் வாய் அப்படித்தான் இருக்கும் என்று பட்டது.

எதிரே எபநேசனின் ஊசி நின்றது.

அவனுக்குப் பார்வை கிடையாது. எம்.ஏ. தமிழ், இரண்டாம் வருஷம். சனிக்கிழமை காலைகளில் கல்லூரி நூலகத்துக்கு வந்து அவள் பாடக்கதைகளை வாசிப்பாள். அவன் கெட்டித்தாளில் ஊசியால் புள்ளி புள்ளியாகப் பிரெயிலில் குறிப்புக் குத்திக்கொள்வான். வரும் வாரம் பரீட்சை. பாத்திரப் படைப்பும் தொனியும்.

அந்த இடத்தில் கதாசிரியர் என்ன போட்டிருக்கிறார் என்று கேட்டான்.

பார்த்தாள். ‘என்றார்’ என்று மட்டும் இருந்தது.

“அப்ப அதட்டுனது நீங்கதான்க்கா.”

அவளுக்குச் சுருக்கென்றது.

அவன் சிரிக்கவில்லை. முந்தின பத்தியிலிருந்து மறுபடி வாசிக்கச் சொன்னான். குரலில் எதையும் ஏற்றாமல், சும்மா.

வாசித்தாள்.

மகன் வேலை முடிந்து வரும் நேரம். கிழவர் போய் கேட்டின் கொண்டியைக் கழற்றி வைக்கிறார். காப்பியைத் தட்டால் மூடுகிறார். கொஞ்சம் கழித்துத் திறந்து, செம்பைத் தொட்டுப் பார்த்து, மறுபடி அடுப்பில் ஏற்றுகிறார்.

வீட்டில் இதை இரண்டு தடவை வாசித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். இந்தக் கைகள் கண்ணில் படவே இல்லை.

ஊசி டக்டக்கென்று ஓடியது. தாளைத் திருப்பி, விரலால் தடவி, எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டினான்.

“ஆளு வாயில இல்ல. கையில இருக்காரு.”

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை வைத்துக்கொண்டு அவள் தாண்டிப் போனதை, அவன் காதால் பிடித்துவிட்டான்.

பிறகு அந்த வரியை இன்னொரு தரம் வாசித்தாள்.

“வந்துட்டியா?”

குரல் தானாக இறங்கியிருந்தது.

மதியம். பஸ்ஸுக்கு நிற்கையில் போன் அடித்தது. மாமியார். எந்தச் சனிக்கிழமையும் தவறாத போன்.

“இன்னும் எங்க நிக்க?”

ஆறு வருஷமாக இதற்கு ‘வாரேன்’ என்ற ஒரே சொல்தான் பதில். சொன்ன கையோடு வைத்துவிடுவாள்.

இன்று வைக்கவில்லை.

மறுமுனையில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவர்கள் வீடு தெருக்கோடியில். அங்கே லாரிச் சத்தம் எட்டாது.

“நீங்க எங்க நிக்கீங்கத்தை?”



“நம்ம ஸ்டாப்புலதான்.”

பஸ் வந்தது. போனைக் காதிலிருந்து எடுக்காமலே ஏறினாள்.