ஃப்ரிட்ஜுக்குள் வைத்த பெட்டி

செண்பகவல்லியின் சினைப்பைப் புற்றிலிருந்து எடுத்த துணுக்கு, வீட்டில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வளர்ந்தது. பெட்டிக்குள் செலுத்தும் எந்த மருந்துக்கு அதன் ரத்தக்குழாய்கள் வாடுகின்றன என்பதை ஆஸ்பத்திரி கேமரா வழியே அங்கிருந்தே பார்க்கும். பெட்டியைக் கதகதப்பாக வைத்திருப்பது கணவன் தணிகாசலத்தின் பொறுப்பு.

மகளைப் பெண் பார்க்க வந்தவர்களுக்குத் தெரிந்தால் சம்பந்தம் கெடும் என்று, அதை ஃப்ரிட்ஜுக்குள் ஒளித்தான். அவர்கள் கிளம்பிய பிறகே பெட்டியின் நினைவு வந்தது.

மறுநாள் டாக்டர் செண்பகத்தைப் போனில் கூப்பிட்டார். "குழாயெல்லாம் வாடிடுச்சும்மா. மருந்து கேக்குது. இதையே உங்களுக்கு ஏத்துவோம்."

வாட்டியது குளிர் என்று அவனுக்குத் தெரியும்.

செண்பகம் அவன் வாயில் சர்க்கரையைப் போட்டாள். "நல்லவேளை, அவங்க கண்ணுல படல. பொட்டிய எங்கங்க வச்சிருந்தீங்க?"

அவன் சர்க்கரையை விழுங்கினான்.