அவள் திரும்பும் பக்கம்

"நான் பேசினாலே மூஞ்ச இடப்பக்கம் திருப்பிக்கிற. அவ்ளோ திமிரா?"

"இல்லீங்க."

நான்கு வருடங்களாக வீட்டில் நடக்கும் இந்தப் பேச்சுதான், திருத்தணி மலையடிவாரத்து பிசியோதெரபி அறையிலும் பிரபாவதியின் நினைவுக்கு வந்தது.

"தோலுக்கு அடியில தசையைச் சுத்தி அடுக்கடுக்கா சவ்வு இருக்கும்மா. ஒரே பக்கம் திரும்பித் திரும்பி அது இறுகிடுச்சு. அதான் இந்தக் கழுத்து வலி" என்றார் டாக்டரம்மா.

"திமிருல திருப்பிக்கினே இருந்தா இறுகாம என்னா பண்ணும்?" என்றான் கணவன் சக்திவேல்.

டாக்டரம்மா பின்னால் போய், அவளுடைய இடது காதருகே விரலை மெல்லச் சொடுக்கினார். பிரபாவதி அசையவில்லை. சக்திவேல் திகைத்தான்.

"அந்தக் காது சின்ன வயசுலயே கேக்காமப் போச்சு. சொன்னா கல்யாணம் நின்னுடும்னு நைனா சொல்லவிடல. கேக்குற காத உங்களுக்குக் காட்டத்தான் திரும்புனேன். அதுக்குப் பேரு திமிரா?" அவள் குரல் சூடேறியது. "இனிமேலாவது என் வலப்பக்கமா வந்து உக்காந்து பேசுங்க."