மூன்றாவது பாட்டில் தறிச் சத்தம்

எட்டு மாதமாக ஆளைக் காணோம். போன் அணைந்து கிடக்கிறது. திடீரென்று ஒரு வெள்ளிக்கிழமை காலையில் யூடியூபில் ஆறு புதுப் பாட்டு வந்து விழுந்தால் ரசிகன் என்ன செய்வான்? பாட்டைக் கேட்பான் என்று நினைத்தால் உங்களுக்கு ரசிகர்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. பாட்டை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ரசிகன் அதற்கு அர்த்தம் கண்டுபிடிப்பான்.

பாடகர் நீலவன் ரசிகர் மன்றத்தின் இளம்பிள்ளை ஊர்க் கிளை அன்று மாலையே ஜாபரின் செல்போன் கடை மாடியில் கூடியது. தலைவர் கலையரசன், தனியார் பள்ளியில் தமிழ் வாத்தியார். ‘டீ ஆறிப்போச்சு புள்ள’ என்று நீலவன் முன்பு பாடியதற்குப் பதினாறு பக்கம் விளக்கம் எழுதி, அது டீயே இல்லை என்று நிரூபித்தவர்.

“ஆல்பத்துக்குப் பேரே ‘தேடி வராதே’. அட்டை முழுக்கக் கறுப்பு. சந்தேகமே இல்லை, அண்ணனை யாரோ கடத்தி அடைச்சு வெச்சிருக்காங்க” என்றார் கலையரசன்.

“ஏனுங்க சார், வராதேன்னுதானுங்களே பாடறாரு?” என்று கேட்டார் குணசீலன்.

“மிரட்டிப் பாட வெக்கறாங்க குணா. வராதேன்னா வான்னு அர்த்தம். அண்ணன் என்னிக்கு நேரா பேசியிருக்காரு?”

விசைத்தறி மெக்கானிக்கான குணசீலன், மகளுக்கு நீலவேணி என்று பெயர் வைத்தவர். அண்ணனுக்கு என்ன ஆச்சோ என்ற கவலையில் இந்த எட்டு மாதமாகச் சோறு இறங்காமல் பெல்ட்டில் இரண்டு ஓட்டை கூடுதலாகப் போட்டிருந்தார்.

“கடைசிப் பாட்டுல ‘யாருகிட்டயும் சொல்லிடாதே’ன்னு நாலு தடவ வருதுங்கண்ணா. ஊருக்கே சொல்லுங்கன்னு எப்படிக் கெஞ்சறாரு பாருங்க!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் மன்றச் செயலாளர் அபிநயா. கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள்.

மூன்றாவது பாட்டில் குரலுக்குப் பின்னால் டக் டக் என்று ஒரு சத்தம் வந்தது. அது காலத்தின் இதயத் துடிப்பு என்றார் கலையரசன். எல்லோருக்கும் புல்லரித்தது.

குணசீலன் மட்டும் போனைக் காதோடு ஒட்டி வைத்து ஐந்து தடவை கேட்டார்.

“சார், இது இதயமெல்லாம் இல்லீங்க. தறிங்க. நூலக் கொண்டுட்டு ஓடற நாடா வலது பக்கம் போய்ச் சேரயில ரெண்டு தட்டு தட்டுது பாருங்க. இந்தத் தறியப் போன தை மாசம் நாந்தானுங்க ரிப்பேர் பண்ணுனேன். நாடாவ அடிக்கற ஸ்டிக்க மாத்துங்கன்னு அப்பவே சொன்னேன், கேக்கல. பெருமாயக்கா பட்டறைங்க, சோளக்காட்டுப் பக்கம்.”

மன்றத்தின் வரலாற்றிலேயே முதல்முறையாக ஒரு விளக்கம் சரியாக இருந்தது.

மறுநாள் காலை ஏழு பைக்கில் பதினான்கு பேர் போய் இறங்கினார்கள். பெருமாயி சந்தைக்குப் போயிருந்தார். மன்றத்தைப் பொறுத்தவரை அவர் அதற்குள் கடத்தல் கும்பலின் தலைவி ஆகியிருந்தார். பட்டறைக்குப் பின்னால் ஓர் அறை. வெளியே பெரிய பூட்டு. ஜன்னல் விளிம்பில் சாப்பிட்ட தட்டு.

குணசீலனின் ஸ்பேனர் நாலே அடியில் பூட்டைப் பெயர்த்தது.

உள்ளே லுங்கியும் தாடியுமாக நீலவன் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு மைக்.

“யாருய்யா நீங்க? கதவைச் சாத்துங்க முதல்ல!”

“எப்படிப் பயந்து போயிருக்காரு!” என்று அபிநயா விம்மினாள். குணசீலன் தடாலென்று காலில் விழுந்தார். “தேடி வந்துட்டமுங்கண்ணா!”

“வராதேன்னுதானே பாடினேன்?”

கலையரசன் பெருமையாக மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். “பாருங்க, இப்பவும் குறிப்பாலதான் பேசறாரு.”

“வாங்கண்ணா, ஸ்டேஷனுக்குப் போயி புகார் குடுத்தரலாம்” என்றார் குணசீலன்.

“ஸ்டேஷனா? ஐயோ வேண்டாம்! உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன், விட்டுடுங்க!”

வேண்டாம் என்றால் வேண்டும் என்று அர்த்தம். தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள். நீலவன் உதைத்தார், திமிறினார். உதை வாங்கிய ஒருவர் அந்தச் சட்டையை இனிமேல் துவைப்பதில்லை என்று சபதம் செய்தார். வழியெல்லாம் அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டே வந்தார். அவ்வளவு புகழிலும் அப்படி ஒரு அடக்கம்.

ஸ்டேஷன் வாசலில் பட்டாசு வெடித்தது. வெளியே வந்த இன்ஸ்பெக்டர், துண்டை விலக்கி நீலவனின் முகத்தைப் பார்த்தார். அப்புறம் குணசீலனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“எங்கய்யா புடிச்சீங்க?”

“மூணாவது பாட்டுலீங்க” என்றார் குணசீலன்.

எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டு, இன்ஸ்பெக்டரே அண்ணனின் தோளில் கை போட்டு உள்ளே அழைத்துப் போனார். இரண்டு பக்கமும் இரண்டு கான்ஸ்டபிள்கள். “பாதுகாப்பு” என்றார் கலையரசன்.

உள்ளே நுழையும்போது நீலவன் திரும்பி, குணசீலனை மட்டும் ஒரு பார்வை பார்த்தார். கண்ணெல்லாம் தண்ணீர். எட்டு மாதக் கவலை அந்த ஒரு பார்வையில் தீர்ந்து போனது குணசீலனுக்கு. இதைவிட ஒரு மனிதன் எப்படி நன்றி சொல்வான்?

“குணாண்ணா, இங்க வாங்களேன்!” என்று அபிநயா கத்தினாள். “போலீஸ்காரங்களும் நம்ம ஆளுங்கதானுங்க! அண்ணன் போட்டோவை எவ்வளவு பெருசா ஒட்டியிருக்காங்க பாருங்க!”

நோட்டீஸ் பலகை முன்னால் நின்று பதினான்கு பேரும் செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

படத்துக்கு மேலே ‘தேடப்படும் குற்றவாளி’ என்றும், கீழே ‘செங்கோடன் என்கிற நீலவன், கவரிங் நகைகளைத் தங்கம் என்று அடகு வைத்து எட்டு மாதமாகத் தலைமறைவு’ என்றும் கொட்டை எழுத்தில் போட்டிருந்ததை இரண்டு முறை படித்துப் பார்த்த கலையரசன், அதற்கு உள்ளர்த்தம் என்னவாக இருக்கும் என்று யோசிக்க ஆரம்பித்தார்.