கறகறத்த கியர்

“கியர் பொக்ஸ் முடிஞ்சுது, இனி இந்தக் கார் ஓடாது எண்டு அவரிட்டைச் சொல்லிவிடுங்கோ மர்ஸூக் நானா. மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுறன்.”

அருந்ததி இப்படிக் கேட்டதும் மர்ஸூக் நானா கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். வெள்ளவத்தையில் இருக்கும் அவருடைய கராஜுக்குக் காரைத் திருத்தித் தரச் சொல்லி எத்தனையோ பேர் வருவார்கள். ஓடுகிற காரைச் சாகடித்துத் தரச் சொல்லி வந்தது இந்த அம்மா ஒருவர்தான்.

“ஐயாக்குப் பொய் செல்லச் செல்றீங்களா?”

“ஓம். கலியாணம் முடிச்ச நாளில இருந்து அவருக்கு நான் ஒரு பொய் சொன்னதில்லை. இதைச் சொல்லாட்டி எனக்கு மனிசன் மிஞ்சாது.”

அவள் சொன்னதில் மிகை ஒன்றும் இல்லை. கணவர் நவரத்தினத்துக்குக் காது மந்தமாகிக்கொண்டு வந்தது. அவர் ஒத்துக்கொண்டால்தானே! “சனம் எல்லாம் இப்ப வாய்க்குள்ளதான் கதைக்குது” என்று ஊர் மேல் குற்றம் சொல்லுவார். ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் மனைவியைத் தன் பழைய மொறிஸ் மைனரில் ஏற்றிக்கொண்டு கொட்டாஞ்சேனை சிவன் கோயிலுக்குப் புறப்பட்டுவிடுவார்.

போன வெள்ளி, வழியில் சோதனைச் சாவடி. மண்மூட்டைகளுக்குப் பின்னால் நின்ற ஆமிக்காரன் “நவத்தன்ன!” என்று கத்தினான். சிங்களத்தில் ‘நிறுத்து’ என்று அர்த்தம். இவருடைய காதில் அது ‘நவரத்தினம்’ என்று விழுந்து தொலைத்தது.

யாரோ தெரிந்தவன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான் என்று நினைத்து, ஜன்னலால் கையை அசைத்துவிட்டு, மூன்றாம் கியரைப் போட்டு இழுத்தார் மனிதர்.

துவக்கு நிமிர்ந்ததை அருந்ததிதான் கண்டாள். அவரது தோளைப் பிடித்து அவள் உலுக்கிய உலுக்கில் கார் நின்றது. நல்ல காலம், அந்தப் பெடியன் நல்லவன். கிழவரின் சிரித்த முகத்தைப் பார்த்துத் துவக்கைத் தாழ்த்தினான்.

நடந்ததை அவள் அழுதழுது விளங்கப்படுத்தியபோது நவரத்தினம் வாயே திறக்கவில்லை. கோயிலால் திரும்பும்போதுதான் திறந்தார்.

“கியர் சத்தம் போடுது.”

அருந்ததிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆமிக்காரன் கத்தினது கேட்கவில்லை, கியர் கத்துகிறது மட்டும் கேட்கிறதாம்! ஆனால் சத்தம் உண்மைதான். அன்று தொடங்கிய கறகறப்பு வர வரக் கூடி, ஒழுங்கை முழுக்கக் கேட்டது. சரி, கடவுளாய்ப் பார்த்துத் தந்த சாட்டு என்று அவள் அதையே பிடித்துக்கொண்டாள்.

மர்ஸூக் நானா தலையைச் சொறிந்தார். சிரிப்பை அடக்குகிறவர் போலவும் இருந்தது.

“நாளக்கி ஐயாவோட வண்டியக் கொண்டு வாங்கம்மா.”

மறுநாள் மர்ஸூக் நானா முதலில் எஞ்சினை நிறுத்திவைத்துக் கியரை மாற்றிப் பார்த்தார். எல்லாம் பேசாமல் விழுந்தன. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, கிளச்சை அடிமட்டும் மிதித்து, முதலாம் கியர், ரிவேர்ஸ் என்று போட்டார். ஒரு முனகலும் இல்லை. ஒழுங்கையில் ஒரு சுற்றுப் போய் வந்தார். கார் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது.

அருந்ததி மர்ஸூக் நானாவை முறைத்தாள். இந்த மனுசன் எல்லாவற்றையும் கெடுக்கப்போகிறாரே! காரைக் கரைத்துக் குடித்த நவரத்தினத்துக்கு இது விளங்காதா? ஓரக்கண்ணால் பார்த்தாள். அவர் சுவரில் தொங்கிய கலண்டரை அக்கறையாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இப்ப நீங்க ஒருக்காப் போடுங்க ஐயா.”

நவரத்தினம் ஏறி இருந்து கியரைப் போட்டார். கறகறகற! தந்திக் கம்பியில் இருந்த காகங்கள் எழும்பிப் பறந்தன.

மர்ஸூக் நானா அவளுடைய பக்கம் சரிந்து மெல்லச் சொன்னார்: “கிளச்சப் பாதிதான் மிதிக்கிறார். அப்பிடி மிதிச்சா புதுசும் கத்தும்.”

காதோடு காலும் போய்விட்டதா என்று அவளுக்கு அழுகை வந்தது.

அதற்குள் மர்ஸூக் நானா நவரத்தினத்தின் காதருகே போய்ச் சத்தமாகத் தீர்ப்பைச் சொன்னார். “கியர் பொக்ஸ் முடிஞ்சி ஐயா! சாமான் எடுக்க ஏலாது. வண்டிய மூடி வைங்க.”

அருந்ததி கணவரின் முகத்தையே பார்த்தாள்.

“நான் அப்பவே சொன்னனான்” என்றார் நவரத்தினம். “இனிக் கோயிலுக்குப் பஸ்தான். சத்தம் நீரும் கேட்டனீர்தானே, அருந்ததி?”

“ஓம், ஓம், கேட்டனான்.”

அப்பாடா! நெஞ்சில் இருந்த பாறாங்கல்லை யாரோ தூக்கி எடுத்த மாதிரி இருந்தது அவளுக்கு. அவர் பொனெற்றில் ஒருமுறை தட்டிவிட்டு வாசலுக்கு நடந்தார்.

“பெரிய உதவி நானா. எனக்காக நீங்களும் பொய் சொல்லவேண்டி வந்திட்டுது.”

“ஒங்களுக்காகச் செல்லல்லம்மா” என்றார் மர்ஸூக் நானா. “ஒங்களுக்கு முந்தியே ஐயா வந்து இதே பொய்யக் கேட்டுட்டுப் போய்ட்டார். ‘காது போச்சுதெண்டு அவவிட்டைச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை மர்ஸூக். அதுக்காக அவவைத் துவக்குக்கு முன்னால கொண்டுபோகவும் ஏலாது. பழியை நீர் காரில போட்டுவிடும், கியரை நான் கத்த வைக்கிறன்’ எண்டார்.”

அருந்ததி வாசலைப் பார்த்தாள். நவரத்தினம் தெருப் பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

“கெதியா வாரும், பஸ் வாற சத்தம் கேக்குது!”

தெரு வெறுமையாகக் கிடந்தது. ஒரு பஸ்ஸும் இல்லை.

அவள் ஓடிப்போய் அவரது கையைப் பிடித்துக்கொண்டு, காதுக்குள் சொன்னாள்:

“ஓமப்பா, எனக்கும் கேக்குது.”