வீடு காட்டியவன்

கொக்குவில் ஓட்டோத் தரிப்பிடத்துக்குக் காலையில் ஒருவன் வந்தான். போனில் ஒரு பெண்ணின் படத்தை நீட்டி, "அண்ணை, இந்தப் பிள்ளை இங்கை வந்தா..." என்று தொடங்கினான்.

சாரதி மயூரதனுக்குச் சுர்ரென்று ஏறியது. படத்தைப் பார்க்காமலே அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்.

"பொம்பிளைப் பிள்ளையளுக்குப் பின்னாலை திரியிறியோ? ஓடடா!"

பொத்தான்கள் தெறிக்க அவன் ஓடினான்.

மத்தியானம் ஒரு பெண் சாப்பாட்டுப் பெட்டியோடு கண்கலங்கி வந்து நின்றாள்.

"என்ரை மனிசன் கஜீவன் கோவிச்சுக்கொண்டு வந்திட்டார் அண்ணை. இங்கைதான் புதுசா வாடகைக்கு இருக்கிறாராம்."

"அழாதேங்கோ தங்கச்சி. புதுசா ஆள் வந்த வீடு எனக்குத் தெரியும். ஏறுங்கோ."

முகம் தெரியாத அந்தக் கணவனை வழியெல்லாம் திட்டிக்கொண்டே ஓட்டினான் மயூரதன். வாசலில் அவனே குரலும் கொடுத்தான்.

கேற் திறந்தது. காலையில் வந்தவன் நின்றான், பொத்தானில்லாத அதே சட்டையோடு. அவளைக் கண்டதும் அவன் முகம் வெளுத்தது.

"அண்ணை, எங்களுக்கு டிவோர்ஸ் ஆகி ரெண்டு வருசம். இது நான் மாறின நாலாவது வீடு. இவ வந்து கேட்டா வீட்டைக் காட்டாதேங்கோ எண்டு சொல்லத்தானே காலமை வந்தனான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், கேற்றைச் சாத்திக் கொழுக்கியைப் போட்டாள்.

"நீங்கள் போங்கோ அண்ணை. இனி நான் பாத்துக்கொள்ளுறன்."