நிற்கிற வண்டி

அரியலூரிலிருந்து வரும் பஸ்ஸில் அரியமுத்து பேட்டரியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீழே வைத்தால் பஸ் பள்ளத்தில் இறங்கும்போது ஆசிட் சிந்தும்.

மடியில் வைத்தாலும் சிந்தத்தான் செய்தது. அவருடைய வேட்டிகளில் ஓட்டை விழாதது என்று ஒன்றுகூட மிச்சமில்லை.

கண்டக்டர் அதை என்னவென்று கேட்பதைக்கூட நிறுத்திவிட்டார். மாப்பிள்ளை வண்டியின் பேட்டரி என்று அந்த ரூட்டில் எல்லோருக்கும் தெரியும்.

மகள் பூங்காவனத்தின் கல்யாணத்துக்கு மேட்டுக்காட்டை விற்று வாங்கிக் கொடுத்த யெஸ்டி மோட்டார் சைக்கிள். இப்போது விக்கிரமங்கலத்தில், அவருடைய மாட்டுக் கொட்டகையிலேயே, எருதுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

பஞ்சாயத்தில் அப்படித்தான் சொன்னார்கள். பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டவளை மாப்பிள்ளை சிங்காரவேலு திருமானூரிலிருந்து வந்து அழைத்துப்போக வேண்டும். அதுவரை சீர் வண்டி பெண் வீட்டில் நிற்கும். எடுத்தால் இரண்டையும் சேர்த்து எடுக்க வேண்டும், ஒன்றை விட்டு ஒன்றை எடுக்கக் கூடாது. பெரிய மனிதர்கள் வெற்றிலையை மென்று மென்று யோசித்துச் சொன்ன முடிவு.

மாப்பிள்ளையும் ஒரு நிபந்தனை போட்டான். வந்து உதைத்ததும் வண்டி கிளம்ப வேண்டும். பாழாக்கி வைத்திருந்தால் வந்த வழியே திரும்பிப் போய்விடுவான். அவளை வேறு யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும் என்றான்.

பூங்காவனத்தை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கையில் கட்டோடு வந்திருந்தாள். கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாக சிங்காரவேலு சொன்னான். அரியமுத்தும் ஊரில் அப்படியே சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே அது பழகிவிட்டது.

பேட்டரி இறங்கிவிட்டால் எத்தனை உதைத்தாலும் கிளம்பாத வண்டி அது. அன்றிலிருந்து பேட்டரிதான் அவருக்கு வேலை. ஓடுகிற வண்டி தன் பேட்டரியைத் தானே பார்த்துக்கொள்ளும். நிற்கிற வண்டிக்கு ஆள் வேண்டும். அவர் வீட்டில் ஓட்டத் தெரிந்தவர் யாருமில்லை. அதனால் சார்ஜ் இறங்க இறங்கப் பேட்டரியைக் கழற்றி எடுத்துக்கொண்டு அரியலூருக்குப் போவார், சார்ஜ் ஏற்றிக்கொண்டு வருவார். நடவு, அறுப்பு, காய்ச்சல் என்று எதற்கும் அதை நிறுத்தியதில்லை. இடுப்பு விட்டுப்போனதுதான் மிச்சம்.

"நிக்கிற வண்டிக்கு இவ்வளவு சீக்கிரம் எறங்காதுங்களே. ஒயர கழட்டிப் போட்டுடுங்க, பல நாள் தாங்கும்" என்று பேட்டரிக் கடை அமிர்தலிங்கம் இன்றைக்கும் சொன்னார்.

நல்ல யோசனைதான். ஆனால் ஒயரைக் கழற்றிப் போட்டுவிட்டு இவர் வயலில் நிற்கும் நேரம் பார்த்து மாப்பிள்ளை வந்துவிட்டால்? உதைத்துப் பார்த்துவிட்டு அவன் போய்விட்டால், மகள் வாழ்க்கைக்கு யார் பதில் சொல்வது? அரியமுத்து கழற்றவில்லை.

வீட்டு வாசலிலேயே அவர் மனைவி சின்னம்மாள் பிடித்துக்கொண்டாள். நாளைக் காலை மாப்பிள்ளை வருகிறாராம், ஆளிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாராம். சொல்லும்போதே அவள் கோழியைக் கூடையில் போட்டு மூடிக்கொண்டிருந்தாள்.

அரியமுத்துவுக்கு அப்பாடா என்றிருந்தது. அதைச் சந்தோஷம் என்று சொல்ல முடியாது. தலைச்சுமையை இறக்கி வைக்கப்போகிறவனுக்கு வருகிற அலுப்பு அது.

நேராகக் கொட்டகைக்குப் போய் பேட்டரியை வைத்து ஒயர்களை மாட்டினார். சாவியைப் போட்டுப் பார்த்தார். சின்னச் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. அணைத்தார். சாவியைக் கொண்டுபோய் வீட்டுக்குள் ஆணியில் மாட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். பூங்காவனம்தான் பரிமாறினாள். நாளைக்கு என்ன என்று அவளுக்கும் தெரியும். அவர் நிமிர்ந்து பார்க்காமல் சாப்பிட்டு முடித்தார். படுத்ததுதான் தெரியும்.

கண் விழித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. எருதுக்கு வைக்கோல் போடலாமென்று கொட்டகைக்குப் போனார்.

உள்ளே வெளிச்சமாக இருந்தது.

வண்டியின் ஹெட்லைட் சுவரைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தது. எருது தலையைத் திருப்பிக்கொண்டு அசைபோட்டது. வைக்கோல் கட்டின்மேல் பூங்காவனம் உட்கார்ந்திருந்தாள்.

அவரைப் பார்த்து அவள் திடுக்கிடவில்லை. எழுந்திருக்கவும் இல்லை.

"நீங்க போயி படுங்கப்பா. இன்னும் கொஞ்ச நேரத்துல தானா மங்கிடும்."

உலை கொதிக்க எவ்வளவு நேரமாகும் என்று தெரிந்தவள் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். இன்றைக்கு மட்டும் செய்தவள் பேச்சு இல்லை அது.

அரியமுத்துவுக்கு முதலில் வந்தது ஆத்திரம்தான். எத்தனை பஸ், எத்தனை வேட்டி, எத்தனை வெயில். இவ்வளவு நாளும் தன்னைப் பைத்தியக்காரனாக அலைய விட்டிருக்கிறாள். கை சாவிக்குப் போனது.

மகள் தடுக்கவில்லை. அவர் அணைத்துவிடுவார் என்பதும் அவளுக்குத் தெரிந்ததுபோல இருந்தது. எலும்பு சரியாக ஒட்டாத கையை மடியில் போட்டுக்கொண்டு சுவரில் விழுந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிணற்றடி ஈரமாக இருந்ததா என்றுகூட அவர் ஒருநாளும் அவளைக் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது.

சாவியிலிருந்து கையை எடுத்தார். வண்டியைச் சுற்றிக்கொண்டு போய், இடுப்பைப் பிடித்தபடி மெல்ல உட்கார்ந்தார். பேட்டரியைத் தீர்க்க ஒற்றை விளக்குக்கு எவ்வளவு நேரம் பிடிக்குமோ, விடிந்தால் அவன் வந்துவிடுவான்.

கால் பிரேக்கை உள்ளங்கையால் அழுத்தினார். பின்னால் சிவப்பு விளக்கும் சேர்ந்து எரிந்தது. அவர் கையை எடுக்கவில்லை.