கணுக்காலுக்கு மேலே

தையல் கடைப் படியேறுவதற்கு முன் நெட்டை தன் சாக்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். குதிகாலுக்கு அடியில் மடித்துச் செருகிய அட்டை நகராமல் இருந்தது.

போன மாதம் அட்டைக்கு ஒரு மடிப்பு போதுமாக இருந்தது. இந்த மாதம் இரண்டு.

கடை சுண்டுவின் அப்பாவுடையது. துணி போட்டுப் பார்க்கிற அறையின் கதவு நிலையில் மாதம் தவறாமல் நண்பர்கள் இருவரும் உயரம் அளப்பார்கள். ஒருவன் முதுகை ஒட்டி நிற்க, மற்றவன் தலையில் ஸ்கேலை வைத்துப் பென்சிலால் கோடு போடுவான். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஏறிக்கொண்டே வரும் கோடுகள். ஒரு மாதம்கூட சுண்டு மேலே வந்ததில்லை.

நெட்டைக்கு இருந்த ஒரே பிடிமானம் அதுதான்.

மற்றதெல்லாம் சுண்டுவுக்கு. கணக்கில் அவன் முதல், ஓட்டத்தில் அவன் முதல், அது போதாதென்று போன வாரம் பாட்டுப் போட்டியிலும் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். நெட்டை கை சிவக்கத் தட்டினான். வயிறு பற்றி எரிந்தது. வீட்டுக்குப் போனால் அவனைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று அம்மா அதையும் சாப்பாட்டோடு சேர்த்துப் பரிமாறினாள்.

அதற்காக அவனை விட்டுவிட முடியுமா? சுண்டு ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் நெட்டைக்கு வகுப்பில் இருப்புக்கொள்ளாது. பாழாய்ப்போன பயல்.

உயரம் மட்டுமாவது தனக்கென்று இருக்கட்டும். அதுவும் போய்விட்டால் அவன் பக்கத்தில் எதைச் சொல்லிக்கொண்டு நிற்பது?

சுண்டுவின் அப்பா வாயில் குண்டூசிகளைக் கடித்தபடி மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தார். வா என்று தலையை மட்டும் அசைத்தார்.

தையல்காரர் மகனின் கால்சட்டையோ கணுக்காலுக்கு மேலே நின்றது. துவைத்துத் துவைத்துச் சுருங்கிவிட்டதாம். ஊருக்கெல்லாம் அளவெடுக்கிறவர் வீட்டில் இந்தக் கதி என்று நெட்டை கிண்டலடிக்க, சுண்டுவும் சேர்ந்து சிரிப்பான். கொஞ்ச நாளாகப் பை கனக்கிறது என்று கூன் வேறு போட்டு நடந்தான்.

முதலில் நெட்டை ஷூவைக் கழற்றிவிட்டு நின்றான். சாக்ஸ் எதற்கு என்று சுண்டு ஒரு நாளும் கேட்டதில்லை. வெள்ளந்தி.

கோடு விழுந்தது. நல்ல உயரம்.

அடுத்து சுண்டு நின்றான். ஸ்கேலை அவன் தலையில் அழுத்திப் பார்த்தான் நெட்டை. தன் கோட்டுக்கு ஒரு விரல் கீழே. அப்பாடா.

சந்தோஷத்தில் பென்சில் கை நழுவி உருண்டது. எடுக்கக் குனிந்தான்.

சுண்டுவின் குதிகால் கதவு நிலையை ஒட்டியிருந்தது. முதுகும் ஒட்டியிருந்தது. முழங்கால் மட்டும் முன்னால் துருத்திக்கொண்டு, தொளதொளத்த துணிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது.

நெட்டை குனிந்தபடியே இருந்தான். வெட்கமாக இருந்தது, அழுகையும் முட்டியது. இத்தனை மாதமாக இந்தப் பயல் காலை மடக்கிக்கொண்டு தன்னிடம் தோற்றிருக்கிறான்.

"நேரா நில்லுடா."

சுண்டு நிமிரவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்தபடியே சொன்னான்.

"நீ முதல்ல சாக்ஸைக் கழட்டு."

நெட்டை கழற்றினான். அட்டை தரையில் விழுந்தது.

சுண்டு மெல்ல நிமிர்ந்தான். நெட்டை லேசாக அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. ஸ்கேலை உயர்த்தி வைத்து, தன் கோட்டுக்கு மேலே அழுத்தமாக ஒரு கோடு போட்டான்.

மிஷின் சத்தம் நின்றது. அப்பா குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்து டப்பாவில் போட்டார். பிறகு மகனிடம் கால்சட்டைக்காகக் கை நீட்டினார். எத்தனையோ தடவை நீட்டிய கைதான். இன்றைக்குத்தான் சுண்டு மறுக்காமல் உள்ளே போய்க் கழற்றி எறிந்தான்.

அடிமடிப்பைப் பிரித்ததும் சாயம் போகாத துணி நான்கு விரல் அகலத்துக்கு இறங்கியது. சுருங்கவும் இல்லை, ஒன்றும் இல்லை.

இன்னொரு காலின் மடிப்பை நெட்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பிரித்தான்.